புழக்கடையில் குழந்தைகளுக்கு ஒரு மணல்குழி

கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டவோ, மாட்டுக் கொட்டகைக்குத் தரை போடவோ மணல் இறக்கியிருக்கும் எந்தத் தோட்டத்துக்கும் சென்று பாருங்கள். குவியலின் மேல் இரண்டு குழந்தைகளாவது உட்கார்ந்திருக்கும். வேலை முடிந்து ஆறு மாதம் ஆனாலும் மிச்ச மணல் இறக்கிய இடத்திலேயே கிடக்கும். குழந்தைகளும் அங்கேதான்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு மஞ்சள் தோட்டத்துக்குச் சென்றிருந்தபோது, களத்தில் டிராக்டரைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். டிரெய்லருக்குப் பின்னால், வண்டித் தடத்தை ஒட்டிய மணலில், மூன்று வயதுப் பையன் குனிந்து வீடு கட்டிக்கொண்டிருந்தான். ஓட்டுபவருக்கு அவன் தலை தெரியவில்லை. பாட்டி போட்ட சத்தத்தில் வண்டி நின்றது. சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தகப்பனார் என்னிடம், “என்னங்க சார் பண்றது, கட்டியா போட்டு வைக்க முடியும்?” என்றார்.

கட்டிப் போட முடியாதுதான். ஆனால் மணலை இடம் மாற்றலாம். அன்று மாலையே அந்த வீட்டுப் புழக்கடையில் இடம் பார்த்தோம். அங்கே செய்ததையும், அதற்கு முன் என் வீட்டில் நான் செய்த தவறுகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எந்த இடம்?

அடுப்படி வாசலில் நின்றால் கண்ணில் படும் இடமாக இருக்க வேண்டும். இதுதான் முதல் விதி. கிணறு, பண்ணைக்குட்டை, வண்டித் தடம், மருந்து வைக்கும் அறை ஆகியவை வீட்டுக்கு ஒரு பக்கம் என்றால், மணல்குழி மறுபக்கம் இருக்கட்டும். விறகு அடுக்கு, வைக்கோல் போர், செங்கல் குவியல் ஆகியவற்றை ஒட்டி வேண்டாம். எலி வரும் இடத்துக்குப் பாம்பும் வரும்.

தென்னை மர நிழல்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். நெற்றும் மட்டையும் சொல்லிவிட்டு விழுவதில்லை. முருங்கையும் ஆகாது. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடிமரத்தில் அப்பிக்கிடக்கும், பட்ட இடமெல்லாம் தடிக்கும். வேலியில் அரளி, ஆமணக்கு, காட்டாமணக்கு, ஊமத்தை இருந்தால் அகற்றிவிடுங்கள். விளையாட்டுச் சமையலில் இவற்றின் விதைகளே பருப்பாகும், வாய்க்கும் போகும்.

தண்ணீர் தேங்காத மேட்டுப் பாங்கான இடம் வேண்டும். மஞ்சளுக்கும் வாழைக்கும் வடிகால் வெட்டச் சொல்லி ஊர் ஊராகப் பேசிவந்த நான், என் மகளுக்காக வீட்டின் பின்னால் பள்ளத்தில் குழி வெட்டினேன். ஐப்பசி மழையில் அது தவளைக்குளம் ஆனது. என் மனைவி இன்றும் அதை விருந்தினர்களிடம் சொல்லத் தவறுவதில்லை.

குழியும் மணலும்

மூன்று, நான்கு குழந்தைகளுக்கு 6 அடி நீளம், 6 அடி அகலம் போதும். ஓர் அடி ஆழம் வெட்டி, சுற்றிலும் செங்கல் வைத்துத் தரைக்கு மேல் அரை அடி கரை எழுப்புங்கள். கரையின் மேல்முனையைச் சிமெண்ட் பூசி உருட்டிவிட வேண்டும். பனங்கட்டை வேண்டாம், சிலாம்பு ஏறும். பழைய டிராக்டர் டயரைப் போடுபவர்கள், அதன் உள்மடிப்பில் நீர் தேங்கிக் கொசு வளராமல் அடிப்பக்கம் துளையிட வேண்டும். குழியின் அடியில் 4 அங்குலத்துக்கு உடைந்த செங்கல்லைப் பரப்பி, அதன்மேல் பழைய சாக்கை விரித்து, பிறகு ஓர் அடி உயரம் மணல் கொட்ட வேண்டும். உரச்சாக்கு, மருந்து வந்த சாக்கு எதுவும் ஆகாது. மொத்தம் 36 கன அடி மணல், அதாவது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பிடிக்கும்.

ஆற்று மணல் இன்று எளிதில் கிடைப்பதில்லை. கட்டட வேலையில் மிஞ்சியதே இதற்குப் போதும். எம்-சாண்டைக் கொட்டிவிடாதீர்கள். அது கல்லை உடைத்துச் செய்வது, முனைகள் கூராக இருக்கும், தூசியும் நெஞ்சுக்குக் கெடுதல். மணலைச் சலித்து ஆணி, கண்ணாடித் துண்டுகளை நீக்கவும். கண்ணாடிப் புட்டியில் பாதி மணலும் மீதி நீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். தெளிந்தபின் மேலே சேறு தடிப்பாகப் படிந்தால் மணலைக் கழுவிப் போட வேண்டும்.

நிழல்

நான்கு மூலையிலும் சவுக்குக் கழி நட்டு, 7 அடி உயரத்தில் கீற்றோ நிழல்வலையோ போடலாம். ஆனால் முழுவதும் மூடிவிடக் கூடாது. வெயிலே படாத ஈர மணலில்தான் கொக்கிப்புழு போன்றவை நன்றாகப் பிழைக்கும். கிழக்கைத் திறந்துவிடுங்கள், காலை வெயில் மணலில் விழட்டும். மேற்கே தட்டியைத் தாழ இறக்கிக் கட்டுங்கள். பள்ளி விட்டு வந்த குழந்தைகளை நாலு மணி வெயில் தாக்காது. மரம்தான் வேண்டும் என்பவர்கள் மேற்குப் பக்கத்தில் புங்கமோ வேம்போ நடலாம், நிழல் தருவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். பந்தலில் அவரை ஏற்றினால் அசுவினி வரும், கை உடனே தெளிப்பானுக்குப் போகும். மருந்து தெளிக்க வேண்டியிருக்கும் கொடி எதையும் அங்கே ஏற்றாதீர்கள்.

பூனைக்கும் நாய்க்கும் மணல் கண்டால் கழிப்பிடம்தான். அவற்றின் குடற்புழு முட்டைகள் குழந்தைகள் வயிற்றுக்குப் போகும். இரவில் பழைய வலையை இழுத்துக் கட்டி மூட வேண்டும். வாரம் ஒருமுறை மணலைக் கொத்திக் கிளறி வெயில் காட்ட வேண்டும். விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம் வேண்டும்.

மணலில் எறும்பு வந்தால் பொடி தூவாதீர்கள். கிளறிவிட்டுத் தண்ணீர் தெளித்தாலே இடம் மாறிவிடும். குருணை மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. பார்வைக்கு அது நிறம் போட்ட மணல்தான். மணலில் விளையாடிய கை அதையும் அள்ளும். போரேட் குருணை 2020 டிசம்பருடன் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் கொட்டகை மூலையில் பழைய பொட்டலம் கிடக்கிறதா என்று இன்றே பாருங்கள். பால் டப்பாவிலும் ஹார்லிக்ஸ் புட்டியிலும் மருந்தை மாற்றி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தீர்ந்த டப்பாவை மணல் அள்ள ஒருபோதும் கொடுக்காதீர்கள். கொட்டாங்கச்சி இருக்கிறதே!

மணல்குழி போட்டாயிற்று என்று கிணற்றுச் சுற்றுச்சுவரைத் தள்ளிப்போட வேண்டாம். பாலித்தீன் தாள் விரித்த பண்ணைக்குட்டை இன்னும் ஆபத்து. சறுக்கி விழுந்த குழந்தைக்கு அதில் பிடித்து ஏறப் பிடிமானம் கிடையாது. சுற்றிலும் வேலி அவசியம்.

ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரையில், மேல் மணலை அரை அடி அள்ளிவிட்டுப் புதிது போடுங்கள். அள்ளியதை நாற்றங்காலுக்கான மண்கலவையில் செம்மண், தொழு உரத்தோடு சேர்க்கலாம். ஆனால் நாற்றங்கால் மணலை ஒருநாளும் இங்கே கொண்டுவரக் கூடாது.