ஆட்டு வயிற்றில் ஒரு திருடன்

ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இதைப் படியுங்கள். நம்ம ஊரில் பல வீட்டுக்கு ஆடுதான் பேங்க். அவசரச் செலவு வந்தால் ஒரு ஆட்டைத்தான் விற்போம். அந்த ஆட்டின் ரத்தத்தை உள்ளேயிருந்து ஒரு புழு குடிக்கிறது. அதன் பெயர் ஹீமாங்கஸ். ஆட்டு வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. நான்காவது அறையில் இது இருக்கும்.

ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது சுமார் 0.05 மில்லி ரத்தம்தான். ஆனால் 1000 புழு இருந்தால் 50 மில்லி! குட்டி தாங்குமா? பெண் புழு தினமும் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். முட்டை புழுக்கையோடு வெளியே வரும். சூடும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்தில் இளம்புழுவாகி, ஈரப் புல்லில் ஏறிக்கொள்ளும். புல்லோடு ஆட்டு வயிற்றுக்குள் போய்விடும்.

பருவநிலை மாற்றத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? 1850-1900 காலத்தை விட 2011-2020இல் பூமி சுமார் 1.1 டிகிரி சூடாகிவிட்டது. குளிர் நாடுகளில் சுமார் 10 டிகிரிக்குக் கீழே இந்த முட்டை வளராது. அங்கே குளிர்காலம்தான் ஆட்டுக்குக் காவல். குளிர் குறைந்தால் புழுவுக்குக் கொண்டாட்டம்.

நமக்குச் சூடு எப்பவும் உண்டு. இங்கே காவல் வறட்சிதான். வெயிலில் இளம்புழு காய்ந்து சாகும். ஆனால் சூடான காற்று அதிக நீராவியைச் சுமக்கும். அதனால் பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. கோடையில் அப்படிக் கொட்டினால், புழுக்கைக்குள் பதுங்கியிருந்ததெல்லாம் வெளியே வரும்.

எங்க அப்பத்தா ஐப்பசி மழையைக் கணக்கு வைத்துத்தான் பூச்சி மருந்து ஊற்றும். போன வருஷம் சித்திரையிலேயே மழை கொட்டியது. அடுத்த மாதம் இரண்டு குட்டிகள் தாடை வீங்கிச் செத்தன. கால்நடை டாக்டர் சொன்னார், "இனிமே காலண்டரைப் பார்க்காதீங்கம்மா, ஆட்டுக் கண்ணைப் பாருங்க."

கீழ் இமையை மெல்ல இழுத்தால் உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ரத்தம் குறைகிறது. தென் ஆப்பிரிக்காவில் இதற்காகவே ஐந்து நிறம் போட்ட அட்டை செய்திருக்கிறார்கள். எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்தை அடிக்கடி ஊற்றினால், தப்பிப் பிழைத்த புழுக்கள் பெருகி மருந்தே வேலை செய்யாது.

நாம் செய்யக்கூடியவை:

1. பனி ஈரம் காய்ந்த பிறகு மேய்ச்சலுக்கு விடுங்கள்.
2. ஒரே இடத்தில் தொடர்ந்து மேய்க்காதீர்கள்.
3. அகத்தி, வேம்புத் தழையைக் கட்டித் தொங்கவிடுங்கள். அவ்வளவு உயரத்துக்குப் புழு ஏறாது.

இன்று சாயங்காலமே உங்க வீட்டு ஆட்டுக் கண்ணைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அம்மா அப்பாவிடம் சொல்லி, கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போங்கள்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி