உழவு இயந்திரப் பட்டியைப் பேணும் முறை

பெரும்போக மழை பெய்து வயல் உழவுக்குப் பதமாகியிருக்கும் நாளில் உழவு இயந்திரம் நின்றுவிடின், கமக்காரருக்கு நேரும் நட்டம் பெரிது. இரு சில்லு உழவு இயந்திரங்கள் இவ்வாறு நிற்பதற்குப் பெல்ட் எனப்படும் பட்டியின் தளர்ச்சியும் ஒரு காரணமாகும். இதனைக் கமக்காரர் தாமே சீர்செய்யலாம்.

எஞ்சினின் வலு ஆப்பு வடிவான இரண்டு அல்லது மூன்று பட்டிகளின் மூலம் கியர்ப் பெட்டியைச் சென்றடைகின்றது. பட்டியின் இரு பக்கங்களே கப்பியின் தவாளிப்பைப் பற்றிப் பிடிப்பன. பட்டியின் அடி தவாளிப்பின் அடியைத் தொடுமாயின், அது தேய்ந்துவிட்டதென அறிக. அத்தகைய பட்டியை எவ்வளவு இறுக்கினும் வழுக்கும், மாற்றுதலே வழி.

சுமை ஏறும்போது கீச்சிடுதல், எஞ்சின் விரைந்தோடியும் சில்லு மந்தமாகச் சுழலுதல், இறப்பர் கருகும் மணம் ஆகியன தளர்ச்சியின் அறிகுறிகளாம்.

செய்யவேண்டியவை:

1. எஞ்சினை நிறுத்தி, ஆறிய பின்னரே பட்டிக் கவசத்தைக் கழற்றுக. ஓடும் பட்டி விரலைக் கப்பிக்குள் இழுத்துத் துண்டித்துவிடும்.

2. இரு கப்பிகளுக்கும் நடுவே பட்டியைக் கையால் அழுத்துக. பொதுவாக 2 முதல் 3 சென்ரிமீற்றர் வரை தாழ்தல் வேண்டும். இயந்திரத்தின் கைந்நூலில் வேறு அளவு இருப்பின் அதனையே கொள்க.

3. கூடுதலாகத் தாழ்ந்தால், எஞ்சினைச் சட்டத்துடன் பிணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, எஞ்சினைச் சிறிது முன்னோக்கி நகர்த்துக. இரு கப்பிகளும் ஒரே நேரில் உள்ளனவா என நூல் பிடித்துப் பார்த்தபின் போல்ட்டுகளை முடுக்குக.

4. சில இயந்திரங்களில் சிறு கப்பியொன்று பட்டியை அழுத்தி இறுக்கும். பட்டியைக் கழற்றி அக்கப்பியைக் கையாற் சுழற்றுக. அது கரகரத்தாலோ ஆடினாலோ அதன் பெயாரிங்கை மாற்றுக; இன்றேல் புதுப் பட்டியும் விரைவிற் கெடும்.

5. ஒரு பட்டி அறுந்தாலும் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுக. பழையவை நீண்டிருப்பதாற் சுமை முழுவதும் புதியதன் மேலேயே விழும். புதுப் பட்டியைத் திருப்புளியால் நெம்பி ஏற்றலாகாது. எஞ்சினைப் பின்தள்ளி ஏற்றுக.

புதுப் பட்டி சிறிது நீளுமாதலால், முதல் நாள் வேலையின் பின் மீண்டும் சோதித்தல் அவசியம். மிகையாக இறுக்கினால் பெயாரிங்குகள் சூடேறித் தேயும். பட்டியில் எண்ணெய் படவிடலாகாது.

பட்டியில் அச்சிட்டுள்ள இலக்கத்தைக் குறித்துவைத்து, போகம் தொடங்குமுன் ஒரு தொகுதியை வாங்கி வைத்திருத்தல் நன்று.