வீட்டுத் திரையரங்குப் படவீழ்த்தி

வீட்டுத் திரையரங்குப் படவீழ்த்தி என்பது திரைப்படம் முதலியவற்றை வீட்டுச் சுவரிலோ திரையிலோ பெரிதாக்கிக் காட்டும் மின்னணுக் கருவி ஆகும். பொது வழக்கில் இது புரொஜெக்டர் எனப்படுகின்றது. கடலூர், சிதம்பரம் போன்ற நகரங்களில் வாழ்வோர் இதனைக் கடைகளில் நேரிலும் இணையவழியிலும் வாங்கலாம். எவ்வழியில் வாங்கினும், பெட்டியில் அச்சிடப்பட்டுள்ள எண்களின் பொருளை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

வகைகள்

எல்சிடி வகையில் ஒளியானது நீர்மப் படிகத் தகட்டின் ஊடாகச் சென்று படமாகின்றது. டிஎல்பி வகையில் இலட்சக்கணக்கான நுண்ணாடிகள் சாய்ந்து ஒளியைத் திரைக்குத் திருப்புகின்றன. இந்த நுண்ணாடிச் சில்லினை 1987 இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த லாரி ஹார்ன்பெக் உருவாக்கினார்.

தொலைவும் படத்தின் அளவும்

கருவிக்கும் திரைக்கும் உள்ள தொலைவைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வீழ்த்து விகிதம் கிடைக்கும். விகிதம் 1.5 எனில், 3 மீட்டர் தொலைவில் 2 மீட்டர் அகலப் படம் விழும். 16:9 வடிவில் இதன் உயரம் 1.125 மீட்டர், பரப்பு 2.25 சதுர மீட்டர். மூலைவிட்டம் ஏறத்தாழ 90 அங்குலம். எனவே கடைக்குச் செல்லுமுன் அறையை அளந்துகொள்ளல் நன்று.

ஒளிர்வு

ஒளியின் அளவு லூமென் என்னும் அலகால் குறிக்கப்படுகின்றது. ஆன்சி லூமென் முறையில், வெண்ணிறப் படம் ஒன்பது சம கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒளிச்செறிவு லக்சில் அளக்கப்படும். அவற்றின் சராசரியைப் படத்தின் பரப்பால் பெருக்கினால் லூமென் கிடைக்கும். மேற்கண்ட படத்தில் சராசரி 200 லக்ஸ் எனில், ஒளிர்வு 450 லூமென் மட்டுமே. பெட்டியில் 9,000 என அச்சிட்டிருப்பினும் உண்மை இதுவே. அளவீட்டு முறையைக் கூறாது "லூமென்" என்று மட்டும் எழுதப்பட்ட எண்ணை ஒப்பீட்டுக்குக் கொள்ளலாகாது.

பிரிதிறன்

"4கே ஆதரவு" என்பது கருவி அவ்வகைக் குறிப்பலையை ஏற்கும் என்பதையே குறிக்கும். காட்டப்படும் படத்தின் நுணுக்கம் கருவியின் இயல்புப் பிரிதிறனைப் பொறுத்தது. அது 1280×720, 1920×1080, 3840×2160 போன்ற எண்களில் தரப்படும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* கடையின் இருண்ட அறையில் மட்டுமன்றி, விளக்கெரியும் இடத்திலும் இயக்கிப் பார்த்தல்
* திரையின் மூலைகளிலும் எழுத்துகள் தெளிவாக உள்ளனவா எனப் பார்த்தல்
* குளிர்விப்பு விசிறியின் இரைச்சலைக் கேட்டறிதல்
* விளக்கு வகையாயின், மாற்று விளக்கின் விலையையும் அது கிடைக்குமிடத்தையும் வினவுதல்
* ஆன்சி லூமென், இயல்புப் பிரிதிறன் ஆகியவற்றை விலைச்சீட்டில் எழுதிப் பெறுதல்

நுகர்வோர் உரிமை

2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 சூலையில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். சென்னையிலோ இணையவழியிலோ வாங்கிய சிதம்பரத்தார், கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டாண்டுகளுக்குள் அணுகலாம். விலை ஐந்து இலட்சம் ரூபாய் வரையெனில் கட்டணம் இல்லை. விலைச்சீட்டும், எண்கள் அச்சிடப்பட்ட பெட்டியும் சான்றாக உதவும். ஆகவே அவற்றைப் பாதுகாத்தல் வேண்டும்.