வயிற்றுக் கிருமியும் நம் பிள்ளைகளும்

இரைப்பைப் புண்ணுக்கு உறைப்பும் கவலையுமே காரணம் என்று முன்னர் நம்பினோம். 1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் வைத்தியர்களான பரி மார்ஷலும் ரொபின் வொறனும் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற பற்றீரியாவை வளர்த்தெடுத்தனர். புண்ணுக்கு முக்கிய காரணம் அதுவே எனக் காட்டியமைக்காக 2005இல் நோபல் பரிசு பெற்றனர்.

இக்கிருமி பெரும்பாலும் சிறுவயதிலேயே தொற்றுகிறது. ஆனால், எல்லோரிடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பெருகும்போதே இதன் பரம்பரையலகுகள் மாறுகின்றன. அயலவர் இருவரின் கிருமிகள் வேறுபடும். தாயினதும் பிள்ளையினதும் பல வேளைகளில் ஒத்திருக்கும். வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. நெருக்கமாக வாழுமிடங்களில் தொற்று அதிகம். இது தாயின் குற்றமன்று.

தொற்றிய பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு நோய்க்குறி தோன்றுவதில்லை. 'கக்-ஏ' என்னும் பரம்பரையலகுள்ள வகையே கூடுதலாகப் புண்ணை உண்டாக்கும். தொடர்ந்து வயிறு வலித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். இரத்த வாந்தியோ கறுத்த மலமோ கண்டால் உடனே கொண்டு செல்லுங்கள்.

தந்த மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள். அரைகுறையாக மருந்தடித்த வயலில் தப்பிய பூச்சி பெருகுவது போல, மருந்துக்கு அடங்காத கிருமிகளே பின்னர் பெருகும்.

சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். கொதித்தாறிய நீரைக் கொடுங்கள். உணவை மென்று ஊட்டாதீர்கள்.