உங்கள் கணினிக்குரிய பக்கம் எங்கே?

சில வருடங்களுக்கு முன்னர், பிராந்திய ஊடகவியலாளர்களுக்கான பயிற்சிப்பட்டறை ஒன்றுக்காகத் தமிழில் சிறிய கைநூல் ஒன்றை எழுதினேன். மடிக்கணினி தொலைந்தாலோ பறிக்கப்பட்டாலோ, எங்களை நம்பித் தகவல் தந்தவர்களின் பெயர்கள் பிறர் கையில் சிக்காதிருக்க வன்தட்டை எவ்வாறு மறைகுறியாக்கம் செய்வது என்பதே அதன் விடயம். நான் பயன்படுத்தியது மக் கணினி. அதற்குப் படங்களுடன் நான்கு பக்கங்கள் ஒதுக்கினேன். விண்டோஸுக்கு ஒரேயொரு வரி: “பிட்லொக்கரை இயக்குங்கள்.”

பட்டறைக்கு வந்திருந்த அநேகரிடம் இருந்ததோ விண்டோஸ். “அக்கா, நீங்க சொன்னது என்ர லெப்டொப்பில இல்லையே” என்றார் மட்டக்களப்பிலிருந்து வந்த செய்தியாளர் ஒருவர். அவருடையது விண்டோஸ் ஹோம் பதிப்பு. பிட்லொக்கரை முழுமையாகக் கையாளும் வசதி புரோ போன்ற பதிப்புகளில்தான் உண்டு. ஹோம் பதிப்புள்ள சில கணினிகளில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற எளிய வசதி இருக்கும். அதுவும் கணினியின் வன்பொருளைப் பொறுத்தது. இன்னும் சிலர், உள்நுழையும் கடவுச்சொல் இருப்பதால் தாங்கள் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்திருந்தார்கள். மறைகுறியாக்கம் செய்யாத வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தால், அந்தக் கடவுச்சொல் இல்லாமலேயே கோப்புகளை வாசித்துவிடலாம்.

ஊடகக் கற்கையில் சமநிலை என்பதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். இரு தரப்புக்கும் சம அளவு இடம் கொடுத்துவிட்டால் சமநிலை வந்துவிடாது என்பது அங்கு கற்ற பாடம். தொழில்நுட்ப வழிகாட்டிகளுக்கும் அது பொருந்தும். மக்கில் ‘பைல்வோல்ட்’டை அமைப்புகளுக்குள் சென்று சில படிகளில் இயக்கிவிடலாம், ஒரு பக்கம் போதும். விண்டோஸில் எந்தப் பதிப்பு என்று முதலில் பார்க்கவேண்டும். வழி அங்கேயே பிரிகிறது. உபுண்டு போன்ற லினக்ஸ்களில் முழு வன்தட்டையும் மறைகுறியாக்க இலகுவான தருணம் இயங்குதளத்தை நிறுவும்போதுதான். பிறகு செய்வது சிக்கலானது. ஆகவே அந்த வாசகருக்கு எச்சரிக்கை முதல் வரியிலேயே வரவேண்டும்.

இரண்டாவது பதிப்புக்காக நண்பர் ஒருவரின் பழைய விண்டோஸ் மடிக்கணினியை இரவல் வாங்கி, ஒவ்வொரு படியையும் நானே செய்துபார்த்தேன். கைநூலின் முதல் பக்கத்தில் “உங்களிடம் இருப்பது எது?” என்ற கேள்வியை வைத்தேன். ஒரு பதிப்பில் இல்லாத வசதியை “இதில் இல்லை” என்றே எழுதி, மூன்று இயங்குதளங்களிலும் இலவசமாக இயங்கும் வெராகிரிப்டைக் கொண்டு முக்கியமான கோப்புகளையாவது பூட்டிவைக்கும் முறையைச் சேர்த்தேன். மீட்புத் திறவுகோலைக் கணினிக்கு வெளியே பத்திரப்படுத்துமாறு ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியாக எழுதினேன். கடவுச்சொல்லும் திறவுகோலும் தொலைந்தால் உரிமையாளராலும் கோப்புகளைத் திறக்க முடியாது.

இம்முறை விண்டோஸுக்கு ஏழு பக்கங்கள், மக்குக்கு ஒன்றரை. அந்த மட்டக்களப்புச் செய்தியாளருக்குத்தான் முதல் பிரதியை அனுப்பினேன். அவர் தன் கணினியில் செய்து முடித்துவிட்டு, நான் விட்டிருந்த ஒரு படியையும் சுட்டிக்காட்டினார்.