வெள்ளத்திற்குப் பின் சைக்கிள் பிரயாணத் தொழில்: ஜப்பான் தீவுகளின் அனுபவம்

நிலத்தின் வருமானத்தை மட்டும் நம்பியிராமல் ஓர் உபதொழிலையும் கைக்கொள்வது குடியானவர்களுக்கு நன்மை பயக்குமென்பது யாவரும் அறிந்ததே. அவ்வுபதொழிலும் ஒரே வெள்ளத்தில் நின்றுபோகுமாயின் என் செய்வது? இவ்விஷயத்தில் ஜப்பான் தேசத்துச் செட்டோ உள்நாட்டுக் கடல் தீவுகளின் அனுபவம் கவனிக்கத்தக்கது.

ஹிரோஷிமா மாகாணத்து ஒனோமிச்சி நகரையும் எஹிமே மாகாணத்து இமாபாரி நகரையும், இடையிலுள்ள ஆறு தீவுகளின் வழியாகப் பாலங்களால் இணைக்கும் பாதைக்கு ஷிமனாமி கைடோ என்று பெயர். இது 1999-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்டது. சைக்கிளில் செல்வோருக்கு இதன் நீளம் சுமார் 70 கிலோமீட்டர். ஓரூரில் வாடகைக்கு எடுத்த சைக்கிளை மற்றோர் ஊரில் திருப்பிக் கொடுக்கலாம். வழியிலுள்ள கடைகள் பலவற்றில் பிரயாணிகளுக்குக் குடிநீரும், காற்றடிக்கும் பம்பும் கிடைக்கும். மலைச்சரிவுகளில் கிச்சிலியும் எலுமிச்சையும் பயிராகின்றன. வாலிபர்கள் பட்டணம் சென்றுவிட்டமையால் தோட்டங்களைப் பேணுவோரில் வயோதிகரே அதிகம். ஆகவே, பிரயாணிகளின் பணம் தீவினருக்குப் பேருதவியாகும்.

2018-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் மேற்கு ஜப்பானில் பெருமழை பெய்தது. 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர். எஹிமே மாகாணத்தின் பழத்தோட்டங்கள் பல சரிந்தன. நீரேற்று நிலையம் வெள்ளத்தில் மூழ்கியதால் ஒனோமிச்சியில் குழாய்நீர் நின்றது; ஜனங்கள் லாரிகளில் வந்த நீரை வரிசையில் நின்று பெற்றனர். பாலங்கள் நிலைத்து நின்றும் என்ன பயன்? குடியிருப்போருக்கே நீரில்லாத ஊரில் விருந்தினரை உபசரிப்பது எங்ஙனம்?

இத்தகைய காலத்தில் தொழில் நடத்துவோர் செய்யவேண்டுவன சில உள. முதலாவது, பாதை முழுவதையும் தாமே ஓட்டிப் பார்த்து, திறந்துள்ள இடம் இது, மூடியுள்ள இடம் இது என மறைக்காமல் அறிவித்தல். இரண்டாவது, வர இயலாதோரின் முன்பணத்தைத் தடையின்றித் திருப்பித் தருதல். மூன்றாவது, ஊராரின் சம்மதமின்றிப் பிரயாணிகளை அழைத்து வாராதிருத்தல். நான்காவது, பிரயாணிகள் வாராத மாதங்களிலும் தோட்டக்காரரின் பழங்களைப் பெட்டிகளில் அடைத்துப் பழைய வாடிக்கைக்காரரின் வீடுகளுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தல்.

அவ்வருஷம் அக்டோபர் மாதத்திலேயே இப்பாதையில் பெரிய சைக்கிள் விழா நடைபெற்றது. சுமார் 7,000 பேர் கலந்துகொண்டனர். சரிந்த தோட்டத்தில் மறுபடியும் நட்ட கன்று பலன்தரச் சில வருஷங்கள் செல்லும். பிரயாணிகளோ சில மாதங்களில் திரும்பினர். இடைக்காலத்தில் குடும்பத்தைத் தாங்குவதே உபதொழிலின் பயன்.

ஆயினும், பிரயாணிகள் காணவருவது காய்த்துக் குலுங்கும் தோட்டங்களையே. அவை தரிசாகிவிடின் அத்தொழிலும் நிலைக்காது. ஆதலால், உபதொழிலில் வரும் லாபத்தின் ஒரு பகுதியை வடிகால்களையும் கல்வரப்புகளையும் செப்பனிடச் செலவிடுவது, இரண்டு தொழில்களையும் ஒருங்கே காப்பதாகும்.