மரப்பாவை முதல் வியோமமித்ரா வரை: மூட்டு என்னும் நுட்பம்

திருக்குறளில் நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் (1020) ஒரு மரப்பாவையை உவமையாக்குகிறது. உள்ளத்தில் நாணம் இல்லாதவரின் நடமாட்டம், கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதற்கு ஒப்பாகும் என்பது கருத்து. நாண் என்றால் வெட்கம். நாண் என்றால் கயிறு. இரண்டையும் ஒரே குறளில் வைத்து விளையாடியிருக்கிறார் வள்ளுவர். நமக்கு இங்கே வேண்டியது அவர் ஆளும் 'மருட்டுதல்' என்ற சொல். மரம் என்று தெரிந்தும் கண் அதை உயிர் என்று ஒப்புக்கொள்கிற நிலை அது.

கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையிலும் இப்படி ஒரு மருட்டல் உண்டு. உள்ளே வீரர்கள் ஒளிந்திருந்த யானைப் பொறி, யானைகளை நன்கறிந்த உதயணனையே ஏமாற்றிச் சிறைப்பிடிக்க உதவியது. தெரியாதவனை ஏமாற்றுவது சுலபம். தெரிந்தவனை நம்பவைப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

இன்று கணினியில் மனித உருவ ரோபோவை முப்பரிமாணத்தில் வடிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே சோதனைதான். மைசூரிலும் பெங்களூரிலும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் அனிமேஷன், இயந்திர வடிவமைப்பு என்று படிக்கிறார்கள். பிளெண்டர் போன்ற மென்பொருள் 2002 முதல் கட்டற்ற மென்பொருளாக இலவசமாகவே கிடைக்கிறது. முகம் அழகாக அமைகிறது. உடம்பு பளபளவென்று மின்னுகிறது. ஆனால் கையைத் தூக்கச் சொன்னால் எல்லாம் பொய்யாகிவிடுகிறது. கோளாறு மூட்டில் இருக்கிறது. நம்பும்படியான மூட்டு எது? என் சிற்றறிவுக்கு எட்டிய விடை இது: ஒரு மூட்டு எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பது பார்ப்பவருக்குப் புரிந்தால் கண் அதை நம்பும்.

ஆறு வகைப் பிணைப்பு

ஜைனர்களின் தத்துவார்த்த சூத்திரம் எட்டாம் அத்தியாயத்தில் நாம கர்மத்தின் வகைகளைச் சொல்லும்போது 'சம்ஹனனம்' என்று ஒன்றைக் குறிப்பிடுகிறது. எலும்புகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் விதம் என்று பொருள். உரைகாரர்கள் அதை வலிமையின் இறங்கு வரிசையில் ஆறாக விரிப்பார்கள்: வஜ்ர விருஷப நாராசம், வஜ்ர நாராசம், நாராசம், அர்த்த நாராசம், கீலகம், அசம்பிராப்த சிருபாடிகா. நாராசம் என்பது ஊடுருவி நிற்கும் ஆணி. விருஷபம் என்பது மேலே சுற்றிய கட்டு. வஜ்ரம் என்பது வைரம் போன்ற உறுதி. அர்த்த நாராசத்தில் ஆணி பாதிதான். கீலகத்தில் எலும்பு எலும்போடு முளை போலச் செருகி நிற்கும். கடைசி வகையில் எலும்புகள் ஒன்றையொன்று பற்றாமல், நரம்பும் சதையும் மட்டும் கட்டிவைத்திருக்கும்.

இது கர்மக் கொள்கையின் பகுதி; பொறியியல் நூல் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது எழுப்பும் கேள்விகள் வடிவமைப்பாளன் கேட்க வேண்டியவை. ஆணி எங்கே? கட்டு எங்கே? எது எதைத் தாங்குகிறது?

கணினியில் மனித உருவம் செய்யும்போது, உள்ளே எலும்பு என்று சொல்லப்படும் கோடுகளை வரிசையாக வைத்து, மேல்தோலை அவற்றோடு பிணைத்து விடுவார்கள். கோடு திரும்பினால் தோல் நெளியும். இது அந்த ஆறாவது வகைக்கு ஒப்பானது. சதைக்கு அது பொருந்தும். உலோக ரோபோவுக்கும் அதையே செய்தால் இரும்பு முழங்கை ரப்பர் குழாய் மாதிரி வளைகிறது. சின்னக் குழந்தைகூட நம்பாது. ரோபோவின் ஒவ்வொரு பாகமும் நெளியாத தனித் துண்டாக இருக்க வேண்டும். துண்டுகளுக்கு நடுவே அச்சாணி ஒன்று கண்ணுக்கோ கருத்துக்கோ தெரிய வேண்டும்.

கதவுக் கீல் சொல்லும் பாடம்

நாற்பது ஆண்டுகளாக இரும்புச் சாமான் கடையில் கீல் விற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கதவுக் கீலின் ஆணி ஏன் பலகையின் நடுவில் இல்லாமல், கதவு திறக்கிற பக்கமாக வெளியே துருத்திக்கொண்டு இருக்கிறது? நடுவில் வைத்தால் திறக்கும்போது பலகையின் விளிம்பு நிலையில் இடித்துக்கொள்ளும். வெளியே வைத்ததால் கதவு தாராளமாகத் திறக்கிறது. மூடும்போது நிலையில் முட்டி நிற்கிறது.

ரோபோவின் முழங்கைக்கும் அதே கணக்குத்தான். மேற்கையும் முன்கையும் இரண்டு குழாய்கள் என்று வையுங்கள். அச்சைக் குழாயின் மையத்தில் வைத்தால் மடக்கும்போது உட்பக்க விளிம்புகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். கணினி தடுக்காது, நிழலுக்கு இடிபடத் தெரியாதே! அதே வடிவத்தை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்துக் கோத்தால் அன்றைக்கே இறுகிப்போகும். தீர்வு இரண்டு. ஒன்று, அச்சை மடங்குகிற பக்கமாகத் தள்ளி வைப்பது. அப்போது கை நீளும்போது வெளிப்பக்கம் இரண்டும் ஒன்றையொன்று முட்டி, பின்னால் வளையாமல் தானே நிற்கும். இன்னொன்று, ஒரு துண்டைக் கவட்டை போல இரட்டைத் தகடாக்கி, மற்றதை நடுவே நாக்கு போலச் செருகி, ஊடே ஆணி போடுவது. உட்பக்கத்தில் மடங்குவதற்கு இடம் வெட்டிவிட வேண்டும்.

நம் உடம்பும் இப்படித்தான். முழங்கை நீளும்போது பின்பக்கத்து எலும்பு குழியில் போய் முட்டி நிறுத்துகிறது. மடங்கும்போது சுமார் 145 பாகையில் சதையோடு சதை முட்டி நிறுத்துகிறது. எல்லைக்குக் காரணம் இருக்கிறது. அதனால்தான் கண் ஒப்புக்கொள்கிறது.

பள்ளிப் புத்தகத்தில் தோள் பந்துக்கிண்ண மூட்டு, முழங்கை கீல் மூட்டு என்று படித்திருப்போம். உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பது மணிக்கட்டின் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றதன்மேல் குறுக்காகப் புரள்வதால்தான் கை திரும்புகிறது. எனவே ரோபோவின் முன்கையிலும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே ஒரு சுழலும் வளையம் வேண்டும். அதை விட்டுவிட்டு மணிக்கட்டைத் திருகினால் பொம்மைக் கை ஆகிவிடும். தோளில் மூன்று, முழங்கையில் ஒன்று, முன்கையில் ஒன்று, மணிக்கட்டில் இரண்டு என்று ஒரு கைக்கு மொத்தம் ஏழு அசைவுகள்.

கயிறு செய்யும் வேலை

கர்நாடகத்தின் கயிற்றுப் பாவைக் கூத்தான கொம்பெயாட்டப் பாவைகள் யட்சகான வேடத்தை ஒட்டிச் செய்யப்படுபவை. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கால் ஆகிய இடங்களில் அவற்றுக்கு மூட்டு உண்டு. அத்தனையையும் ஆட்டுவது ஐந்து முதல் ஏழு கயிறுகள்தாம்! நம் தமிழகப் பொம்மலாட்டத்தில் கயிற்றோடு கம்பியும் சேரும். ஆட்டுபவர் தலையில் கிரீடம் போல ஓர் இரும்பு வளையம் அணிந்திருப்பார். கயிறுகள் அதிலிருந்து தொங்கும். பாவை நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும்கூட இருக்கும்.

மூட்டைவிடக் கயிறு குறைவாக இருப்பது எப்படிப் போதும்? கையின் நுனியைத் தூக்கினால் முழங்கையும் தோளும் தாமே சேர்ந்து வருகின்றன. எடை கீழே இழுக்கிறது. மூட்டின் முட்டு எல்லையை வகுக்கிறது. கணினியிலும் இதே முறை உண்டு. தோளிலிருந்து ஒவ்வொரு மூட்டாகத் திருப்புவது ஒரு வழி; கையின் நுனியை இழுத்து, மற்ற மூட்டுகளைக் கணினியே கணக்கிடும்படி விடுவது மறு வழி. இரண்டாவதில் ஒரு சிக்கல். உள்ளங்கையை மேசைமேல் அசையாமல் வைத்துக்கொண்டு முழங்கையை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், அசையும். கை ஓரிடத்தில் ஒரு திசையில் நிற்க ஆறு அளவுகள் போதும். நம்மிடம் இருப்பது ஏழு. மிஞ்சிய அந்த ஒன்றுதான் முழங்கையின் இடம். பாவைக்கு அதை எடை முடிவு செய்கிறது. கணினிக்கு நாம்தான் எல்லையும் திசையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முழங்கை திடீரென்று மறுபக்கம் துள்ளிவிடும்.

வானத்துக்கு ஒரு பாவை

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2020 ஜனவரி 22 அன்று பெங்களூரில் வியோமமித்ரா என்ற பெண் உருவ ரோபோவைக் காட்டியது. ககன்யான் திட்டத்தில் மனிதர் போவதற்கு முன், ஆளில்லாக் கலத்தில் அனுப்புவதற்காகச் செய்தது. அதற்குக் கால் இல்லை; இடுப்புக்கு மேல்தான். ஆனால் கலத்தின் நிலையைக் கவனித்து எச்சரிக்கவும், பலகையில் உள்ள விசைகளை இயக்கவும் வேண்டும். விசைகள் மனிதர் கைக்கு எட்டும்படி அமைந்தவை. எனவே தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் தூரங்கள் மனித அளவை விட்டு விலக முடியாது. மூட்டின் இடம் தவறினால் அழகு கெடுவதோடு நிற்காது, விசை எட்டாது.

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனம் மின்விசையில் இயங்கும் புதிய அட்லஸ் ரோபோவைக் காட்டியது. தரையில் கிடந்த அது கால்களைப் பின்புறமாக மடித்து எழுந்து, இடுப்பையும் தலையையும் முழுவட்டமாகத் திருப்பி நடந்தது. மனித உருவம், ஆனால் மனித எல்லை இல்லை. பார்த்தவர்களில் பலருக்கு மனம் திடுக்கிட்டது. தொழிற்சாலை வேலைக்கு அது லாபம். உயிர் என்று மருட்ட அது உதவாது. ஜப்பானியப் பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970-இல் எழுதிய கட்டுரையில், உருவம் மனிதரை நெருங்க நெருங்க நமக்குப் பிரியம் கூடி, ஓரிடத்தில் சட்டென்று அருவருப்பாக மாறும் என்றார். அதே கட்டுரையில் ஜப்பானின் புன்ராக்கு மரப்பாவைக்கு உயர்ந்த இடம் கொடுத்திருக்கிறார் என்பது நாம் கவனிக்கத்தக்கது.

செய்ய வேண்டியது

இளைஞர்களுக்கு நான் சொல்வது நான்கே விஷயம். முதலில் அச்சு எங்கே என்று முடிவு செய்து, பிறகு ஓட்டை வரையுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு மூட்டுக்கும் எத்தனை பாகை என்று எழுதி, மென்பொருளில் எல்லையைப் பூட்டுங்கள். மூன்றாவது, கடைசி எல்லை வரை மடக்கிப் பார்த்து, எது எதை இடிக்கிறது என்று பாருங்கள். நான்காவது, அசைக்கும் மோட்டாருக்கும் ஒயருக்கும் உள்ளே இடம் விடுங்கள். விசை எங்கிருந்து வருகிறது என்று தெரியாத கை, வலுவுள்ள கையாகத் தோன்றாது.

நம் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். பழைய பாவைகளில் மரம் நிலைக்கிறது. கயிறும் துணியும் தோலும்தான் முதலில் இற்றுப்போகின்றன. அதாவது முதலில் அழிவது மூட்டு. படம் எடுப்பவர்கள் முகத்தையும் உடையையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கொம்பெயாட்டமும் பொம்மலாட்டமும் நடத்தும் குடும்பங்களிடம், அவர்கள் சம்மதத்தோடு, நம் பிள்ளைகள் இரண்டு பேர் அளவுகோலும் கேமராவுமாகப் போகட்டும். ஒவ்வொரு மூட்டின் அச்சு, இடைவெளி, எத்தனை பாகை மடங்குகிறது என்று அளந்து, கணினியில் அப்படியே வடித்துவைக்கட்டும். அளந்த பாவைக்கு நாளைக்கு வேறு மரத்தில் புது உடம்பு செய்துகொள்ளலாம். அளக்காமல் விட்டது இற்றுப்போனால், கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட ஆள் இருக்காது.